இருட்டில் சொன்ன பெயர்

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வந்த அன்றே எங்கள் வகுப்பில் நல்ல தலைப்புகளெல்லாம் போய்விட்டன. "நேரம் பொன் போன்றது" ஒருத்திக்கு, "நூலகத்தின் பயன்" இன்னொருத்திக்கு, "அன்னை தெரசா" மூன்று பேருக்கு. கடைசியாகப் போய் நின்ற நாங்கள் நால்வரும் தயங்கித் தயங்கி, "சித்திரப் படங்களில் காதல்" என்றோம். தமிழாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு பார்வை பார்த்தார். அருகில் அமர்ந்திருந்த சிஸ்டர், "எழுதிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்பதற்கு என்ன பொருள் என்று எங்கள் பள்ளியில் படித்த அனைவருக்கும் தெரியும்! ஆகவே பெற்றோர்களே, சிஸ்டர்களே, அஞ்ச வேண்டாம். காதலைப் பற்றி நாங்கள் அறிந்ததைச் சொல்லும் கட்டுரை அன்று இது. (அறிந்தால்தானே சொல்ல!) அதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டையைச் சொல்லும் கட்டுரை.

காலாண்டுத் தேர்வு முடிந்த பின் வந்த சனிக்கிழமை மாலைகளில், எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடிப் படம் பார்க்க அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் சில உண்டு. சித்திரப் படமாகவே இருக்க வேண்டும். ஜெபமாலை நேரத்துக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். பாட்டியும் உடன் அமர்ந்திருப்பார். ஆங்கிலம் அறியாத பாட்டிக்குக் கதையை உடனுக்குடன் தமிழில் சொல்வது எங்கள் பொறுப்பு. அந்த வீட்டில் ஓர் அக்காவும் உண்டு. உண்மையில் ஒருத்திக்குத்தான் அக்கா; எங்கள் நால்வருக்குமே அவர் அக்காதான். பி.எட். முடித்திருந்த அவருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி மடிப்பது, பூக்கட்டுவது என்று ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காதவர் போல அவரும் எல்லாப் படங்களையும் பார்த்தார்.

முதல் சனிக்கிழமை "டேங்கிள்ட்". டிஸ்னி நிறுவனம் 2010-இல் வெளியிட்ட படம். அந்நிறுவனத்தின் முழுநீளச் சித்திரப் படங்களில் 50-ஆவது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றான ரப்புன்ஸெல் கதைதான் இதற்கு மூலம். பழைய கதையில் கோபுரத்தின் மீது ஏறி வருபவன் அரச குமாரன். படத்தில் அவன் ஒரு திருடன்! அரண்மனையிலிருந்து மகுடத்தைத் திருடிப் பையில் போட்டுக்கொண்டு, காவலர்களுக்கு அஞ்சிக் கோபுரத்தில் ஏறுகிறான். அங்கே 70 அடி நீளக் கூந்தலோடு வளர்ந்த ரப்புன்ஸெல் அவனை வாணலியால் ஓங்கி அடிக்கிறாள். "இவ்வளவு முடிக்கு எத்தனை படி எண்ணெய் வேணும்?" என்று பாட்டி கவலைப்பட்டார்.

ரப்புன்ஸெலை வளர்த்தவள் கோத்தெல் என்னும் கிழவி. குழந்தையாக இருந்தபோதே அரண்மனையிலிருந்து திருடி வந்தவள். ரப்புன்ஸெல் பாடினால் அவள் கூந்தல் ஒளிவிடும். அந்த ஒளி பட்டால் முதுமை நீங்கும், காயம் ஆறும். வெட்டினாலோ கூந்தலின் ஆற்றல் போய்விடும். "உலகம் பொல்லாதது, உன் கூந்தலைப் பற்றி எவரும் அறியக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பதினெட்டு ஆண்டுகள் கோபுரத்திலேயே வைத்திருக்கிறாள். தன் பிறந்தநாள்தோறும் வானில் மிதக்கும் விளக்குகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ரப்புன்ஸெலின் ஆசை. திருடனின் பையை ஒளித்து வைத்துவிட்டு, "என்னை அங்கே அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விட்டால் உன் பையைத் தருவேன்" என்று பேரம் பேசுகிறாள். ஆக, இவர்கள் உறவு தொடங்குவது வெறும் வியாபாரத்தில்.

படம் முடிந்ததும் எங்கள் சண்டை ஆரம்பமாயிற்று. இவர்கள் இருவர் நடுவே அன்பு எந்த இடத்தில் பிறந்தது? "படகில்தான்! ஆயிரமாயிரம் விளக்குகள் நடுவே பாடினார்களே" என்றாள் ஒருத்தி. ஊரே அப்படித்தான் சொல்லும். "ஊர்ச் சந்தையில் ஆடியபோது" என்றாள் மற்றொருத்தி. மூன்றாமவள் மட்டும், "இல்லை, குகையில். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததே, அங்கே" என்றாள். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் பயத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு இருந்தோமே தவிர, அன்பை யார் கவனித்தார்கள்? அதனால் அந்தக் காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்த்தோம்.

துரத்தி வருபவர்களுக்குத் தப்பி இருவரும் ஒரு குகைக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வழி அடைபட்டுவிட்டது. நீர் ஏறுகிறது. அவன் மூழ்கி மூழ்கி வழி தேடுகிறான், கும்மிருட்டு, பாறையில் கை கிழிந்ததுதான் மிச்சம். இனிச் சாவுதான் என்று இருவருக்கும் தெரிகிறது. எல்லாம் தன்னால் வந்த வினை என்று அவள் அழுகிறாள். ஃப்ளின் என்று அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள். அப்போது அவன், தன் பெயர் அது அன்று, யூஜீன் என்கிறான். யூஜீன் ஃபிட்ஸெர்பர்ட். யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டுமே என்பது போலச் சொல்கிறான்.

இந்த இடத்தை நாங்கள் நான்கு முறை பார்த்தோம். அவன் எப்படிப்பட்டவன்? படம் முழுவதும் தன்னை ஃப்ளின் ரைடர் என்று மார்தட்டிக்கொள்பவன். காவலர்கள் ஒட்டிய விளம்பரத் தாளில் தன் மூக்கைச் சரியாக வரையவில்லை என்று கோபித்துக்கொள்பவன். வேடிக்கைக்காக வைத்தது என்று சிரித்தோம். இரண்டாம் முறை பார்த்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் தேடுகிற அந்த மனிதனின் பெயரும் பொய், முகமும் பொய். உண்மையான பெயரைக் கேட்டவர் ஒருவருமில்லை. மானம், பெருமை, வீரம் எல்லாவற்றுக்கும் அடியில் அவன் ஒளித்து வைத்திருந்த ஒரே பொருள் அந்தப் பெயர்தான். அதை அவளிடம் கொடுத்துவிட்டான்.

பதிலுக்கு அவள் என்ன செய்தாள்? ஆறுதல் சொல்லவில்லை. அழகான பெயர் என்று புகழவில்லை. தான் பாடினால் ஒளிவிடும் மந்திரக் கூந்தல் தன்னுடையது என்கிறாள்! பதினெட்டு ஆண்டுகள் எதைச் சொல்லக் கூடாது என்று அவளை அடைத்து வைத்தார்களோ, அதையே சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைக்கிறது: ஒளிவிடும் கூந்தல் இருக்கும்போது இருட்டில் ஏன் சாக வேண்டும்? பாடுகிறாள், தண்ணீருக்கடியில் வெளிச்சம் பரவுகிறது, வழி தெரிகிறது. அவன் தன் பெயரைச் சொல்லாதிருந்தால் அவள் தன் ரகசியத்தைச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சொல்லாதிருந்தால் இருவரும் இறந்திருப்பார்கள். கதை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. கரையேறிய பிறகு உயிர் பிழைத்ததைக் கூட அவன் பெரிதாக எண்ணவில்லை, "கூந்தல் ஒளிவிடுகிறதே!" என்று அவளுடைய பச்சோந்தியிடம் முறையிடுகிறான். பாட்டிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

எங்களில் ஒருத்தி ஓர் ஐயம் எழுப்பினாள். "பாவசங்கீர்த்தனத்திலும்தான் நாம் மறைத்ததையெல்லாம் சொல்கிறோம். அதுவும் இதுவும் ஒன்றா?" இல்லை என்று நினைக்கிறோம். அங்கே கேட்பவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அது திருச்சபையின் சட்டம். குகையில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. கேட்டவள் நாளை ஊரெல்லாம் சொல்லலாம், கேலி செய்யலாம். எங்களுக்குள்ளேயே அது நடந்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் ஒருத்தி நம்பிச் சொன்னதை நாங்கள் மதிய இடைவேளைக்குள் வகுப்பு முழுவதும் பரப்பியிருக்கிறோம். அந்தப் பாவத்துக்காக அவளிடம் இன்று வரை சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை.

குகைக்குப் பின்னால் வரும் இரவுக் காட்சி அமைதியானது. அவள் தன் கூந்தலை அவன் கையில் சுற்றிப் பாடிக் காயத்தை ஆற்றுகிறாள். தான் அநாதை என்றும், சிறுவர்களுக்குத் தான் படித்துக் காட்டிய கதைப் புத்தகத்தின் நாயகன் பெயரைத்தான் தனக்குச் சூட்டிக்கொண்டதாகவும் அவன் சொல்கிறான். ஃப்ளின் ரைடரைக் காட்டிலும் யூஜீனைத் தனக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்கிறாள் அவள். தலைகுனிந்து விறகு பொறுக்கப் போகிறான், பாருங்கள், அந்த நடையில் பழைய மிடுக்கே இல்லை!

படகுக் காட்சிக்கு வாதாடிய தோழியும் முழுவதும் தோற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒன்று நடக்கிறது. ஒளித்து வைத்திருந்த பையை ரப்புன்ஸெல் அவனிடம் தருகிறாள். முன்பே தந்திருக்க வேண்டும், பயந்துவிட்டேன், இப்போது பயமில்லை என்கிறாள். என்ன பயம்? பை கிடைத்தால் அவன் போய்விடுவான் என்ற பயம். பேரம் பேசிய வியாபாரி தன் பிடியைத் தானே விட்டுவிட்டாள். விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் பையைப் பார்க்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை 1991-இல் வந்த "பியூட்டி அண்ட் தி பீஸ்ட்". சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் சித்திரப் படம் இது. மிருகத்தை வரைந்தவர்களில் தலைமையானவர் கிளென் கீன். சிங்கத்தின் பிடரி, காட்டெருமையின் தலை, கரடியின் உடல், ஓநாயின் கால்கள் என்று பல விலங்குகளைச் சேர்த்து அந்த உருவத்தை அமைத்தார். கண்களை மட்டும் மனிதக் கண்களாகவே விட்டுவிட்டார். (இவரே பின்னாளில் ரப்புன்ஸெல் படத்துக்காகவும் பல ஆண்டுகள் உழைத்தவர்.) இந்தப் படத்தில் எல்லோரும் நடனக் காட்சியைச் சொல்வார்கள். நாங்கள் கஞ்சிக் காட்சியைச் சொல்வோம்.

காலைச் சாப்பாட்டு மேசையில் மிருகம் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுச் சாப்பிடுகிறது. பெல் அதிர்ந்து போகிறாள். அதைக் கண்டு வெட்கிய மிருகம், அந்தப் பெரிய கையில் கரண்டியைப் பிடித்துப் பழக முயல்கிறது, முடியவில்லை. அரச குமாரனாக இருந்தவன், கோபத்தால் அரண்மனையையே நடுங்க வைத்தவன், ஒரு கரண்டியிடம் தோற்கிறான். பெல் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, சிரிக்கவுமில்லை. தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கையில் தூக்குகிறாள். அவனும் தூக்குகிறான். இருவரும் கிண்ணத்திலிருந்தே குடிக்கிறார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. "பொண்ணு நல்ல பொண்ணு" என்று பாட்டி தீர்ப்பளித்தார்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிக்கொள்கிறோம். டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரப் படமான "ஸ்நோ ஒயிட்" 1937-இல் வந்தது. அதில் அரச குமாரன் தொடக்கத்தில் ஒரு கிணற்றருகே பாடுவான். முடிவில் வந்து முத்தமிட்டு எழுப்புவான். நடுவில் ஆளைக் காணோம். ஆண் உருவத்தை இயல்பாக அசைய வைப்பது அக்காலத்து ஓவியர்களுக்கு மிகக் கடினமாக இருந்ததால் அவன் பங்கைக் குறைத்துவிட்டார்கள். அவன் என்ன குணம், எதற்கு அஞ்சுவான், எதை மறைப்பான் என்று எதுவும் நமக்குத் தெரியாது. சாதாரணப் படங்களிலாவது நடிகருடைய முகம் என்று ஒன்று இருக்கிறது. அந்த முகத்துக்காகவே ஜனங்கள் மயங்கிவிடுவார்கள். சித்திரத்துக்கு என்ன உண்டு? கோடும் வண்ணமும்தான். அதன் மீது நமக்கு ஒட்டுதல் வர வேண்டுமானால் அது உள்ளத்தைத் திறந்து காட்டத்தான் வேண்டும். இது எங்கள் கருத்து. ஓவிய ஆசிரியை மறுக்கலாம்.

மூன்றாம் சனிக்கிழமைதான் எங்கள் கொள்கை தலைகீழாயிற்று. "ஃப்ரோசன்" (2013) பார்த்தோம். எங்களில் மூவர் முன்பே பார்த்ததுதான். ஆனால் சிறு வயதில் பாட்டுக்காகப் பார்த்ததும் இப்போது பார்த்ததும் ஒன்றன்று.

ஆனா என்னும் இளவரசி தனிமையில் வளர்ந்தவள். அக்காள் எல்ஸா காரணம் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பல ஆண்டுகளாகப் பேசவில்லை. முடிசூட்டு விழாவன்று ஹான்ஸ் என்னும் இளவரசனைச் சந்திக்கிறாள். அவனும் தன் துயரத்தைச் சொல்கிறான்: தனக்குப் பன்னிரண்டு அண்ணன்மார், அவர்களில் மூவர் இரண்டு ஆண்டுகள் அவன் கண்ணுக்கே தெரியாதவன் போல நடந்துகொண்டார்களாம். அவள் தன் அக்காள் சாத்திய கதவைப் பற்றிச் சொல்கிறாள். தான் ஒருநாளும் அவளுக்குக் கதவைச் சாத்த மாட்டேன் என்கிறான் அவன். அன்றிரவே திருமணம் பேசி முடிவாகிறது.

பார்த்தீர்களா? குகையில் நடந்த அதே பரிமாற்றம்! மறைத்ததைச் சொன்னான், மறைத்ததைச் சொன்னாள். ஆனால் பின்னால் தெரிகிறது, ஹான்ஸ் அரியணைக்காகவே வந்தவன். தன் நாட்டில் பதின்மூன்றாமவனாகிய தனக்கு வாய்ப்பில்லை என்பதால், அரசுரிமை உள்ள வீட்டில் பெண் எடுக்கத் திட்டமிட்டவன். ஆனா குளிரில் உறைந்து சாகும் தருவாயில், அறையில் எரிந்த நெருப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போகிறான். ஒருநாளும் சாத்த மாட்டேன் என்ற அதே கதவு!

படம் முடிந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே கேட்டார்: "அப்போ உங்க கணக்குப்படி, சோகக் கதை சொல்றவனை எல்லாம் நம்பிடலாம், அப்படித்தானே?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. ஜெபமாலை மணியும் அடித்துவிட்டது. நேர்மையாகச் சொன்னால், அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இது ஹான்ஸைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நாங்களும் வளர்ந்துகொண்டிருக்கிறோம். "என்னைப் புரிந்துகொள்ள யாருமே இல்லை" என்று கண்கலங்கச் சொல்லிக்கொண்டு எதிரில் ஒருவன் வந்தால், அவன் யூஜீனா, ஹான்ஸா என்று நாங்கள் எப்படி அறிவது? அம்மாமார், "யாரையும் நம்பாதே" என்பார்கள். அது கோத்தெல் கிழவி சொன்னதாயிற்றே! (அம்மா, கோபிக்காதீர்கள், நீங்கள் கோத்தெல் என்று சொல்லவில்லை.) எல்லோரையும் நம்பினால் ஆனாவின் கதி. இரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது?

விளையாட்டு மைதானத்தின் வேப்பமரத்தடியில் மூன்று நாள் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். யூஜீன் தன் பெயரைச் சொன்னபோது அவனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. சாகப் போகிறவனுக்கு எதற்கு ஆதாயம்? அவன் சொன்னது அவன் பெருமையைக் குறைத்தது. ஹான்ஸ் சொன்னதோ அவனை இன்னும் நல்லவனாகக் காட்டியது. பாவம், அண்ணன்மார் கொடுமைப்படுத்தினார்களே என்று இரங்க வைத்தது. தன் குற்றம் ஒன்றையேனும் சொன்னானா? இல்லை, பிறர் குற்றங்களையே சொன்னான். இன்னொன்று: ஆனா எதைச் சொன்னாலும் அவன் ஆமாம் என்றான். பனிக்கட்டி விற்கும் கிறிஸ்டாஃப் அப்படியா? அன்றைக்குச் சந்தித்தவனுக்கே வாக்குக் கொடுத்தாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறான். முடிவில் அவளை முத்தமிட ஆசை வந்தபோது கூட உளறிக் கொட்டி, அனுமதி கேட்கிறான். உளறுகிறவனை நம்பலாம் என்று ஒருத்தி சொன்னாள். அப்படியானால் எங்கள் வகுப்பில் எல்லோரையும் நம்பலாம் என்றாள் இன்னொருத்தி.

ஆனாலும் இந்த முடிவில் ஓர் ஓட்டை இருந்தது. ஆதாயம் இருக்கிறதா இல்லையா என்பது பிற்பாடுதானே தெரிகிறது? ஹான்ஸைப் படம் பார்க்கிற நாங்களே முதலில் நம்பிவிட்டோமே!

அதற்கு ஓரளவு விடை "வால்-ஈ" (2008) படத்தில் கிடைத்தது. குப்பை அள்ளுகிற பழைய இயந்திரம் ஒன்று, மனிதர் எல்லோரும் விட்டுப்போன பூமியில் எழுநூறு ஆண்டுகள் தனியே இருக்கிறது. அதற்குக் கண்கள் என்பவை பைனாகுலர் போன்ற இரண்டு கண்ணாடிகள். பேச்சு என்பது ஏறக்குறைய இல்லை. ஈவ் என்னும் புது இயந்திரம் வானிலிருந்து வருகிறது. தான் பொறுக்கிச் சேர்த்த குப்பைகளை எல்லாம் வால்-ஈ அவளுக்குக் காட்டுகிறது. ஒரு செடியைக் கண்டதும் ஈவ் அதை உள்ளே வாங்கிக்கொண்டு செயலற்றுப் போகிறாள். அவள் கண் திறக்கவில்லை, கேட்கவில்லை. வால்-ஈ அவளுக்கு மழையில் குடை பிடிக்கிறது. இடி தன் மேல் விழுந்தும் விலகவில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியவே தெரியாது. வெகு நேரம் கழித்து, தன் கண்களே பதிவு செய்து வைத்திருந்த காட்சிகளை ஈவ் தற்செயலாகப் பார்க்கிறாள். அவள் பார்க்காதபோது அவன் என்ன செய்தான் என்பது அவளுக்கு அப்போது தெரிகிறது. அந்த நீலக் கண்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும்! பேசத் தெரியாத இரும்புக்கு ஹான்ஸைப் போல நடிக்கவும் தெரியாது. "இதுதான் நல்ல பிள்ளை. வாயே திறக்கல" என்றார் பாட்டி.

நாம் பார்க்காதபோது ஒருவர் என்ன செய்தார் என்பதை அறிய ஈவுக்குப் பதிவுக் கருவி இருந்தது. எங்களுக்கு? காத்திருப்பதைத் தவிர வழி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனா காத்திருக்கவில்லை. அதுதான் அவள் செய்த பிழை, நம்பியது பிழையன்று.

கடைசியாகப் பார்த்தது ஜப்பானியப் படம். "விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்" (1995). ஜிப்ளி நிறுவனத்துக்காக யோஷிஃபூமி கோண்டோ இயக்கியது. திரைக்கதை ஹயாவோ மியாசாகி. கோண்டோ 1998-இல் மறைந்துவிட்டார். அவர் இயக்கிய முழுநீளப் படம் இது ஒன்றே. எங்கள் வயதுப் பெண்ணின் கதை என்பதால் இதை மட்டும் தனியாகச் சொல்ல ஆசை. ஷிசுகு என்னும் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி, தான் எடுக்கும் நூலகப் புத்தகங்களின் அட்டைகளில் எல்லாம் தனக்கு முன்னால் ஒரே பெயர் இருப்பதைக் காண்கிறாள்: செய்ஜி அமசாவா. தேர்வுக்குப் படிக்க வேண்டிய காலத்தில் அவன் வயலின் செய்யக் கற்பதற்காக இத்தாலியிலுள்ள கிரெமோனாவுக்குப் போகத் துடிக்கிறவன்.

மழை பெய்யும் ஒரு நாளில் பள்ளி மொட்டைமாடியில் அவன் உண்மையைச் சொல்கிறான். அவளை நூலகத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறானாம். ஒருமுறை பக்கத்திலேயே உட்கார்ந்தானாம், அவள் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் தன் பெயர் பட வேண்டும் என்பதற்காகவே அத்தனை புத்தகங்களையும் முன்கூட்டியே எடுத்துப் படித்தானாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள்! வீரமாகச் சொல்லவில்லை, அகப்பட்டுக்கொண்டவனைப் போலச் சொல்கிறான். (எங்கள் நூலகத்தில் எங்களுக்கு முன்னால் இருப்பது முந்தைய ஆண்டு அக்காமார் பெயர்களே என்பதை சிஸ்டர்களின் நிம்மதிக்காகத் தெரிவித்துக்கொள்கிறோம்.)

ஆனால் எங்களை அழ வைத்தது அதுவன்று. அவனுக்கு ஒரு திறமை இருக்கிறது, தனக்கு எதுவுமே இல்லையே என்று ஷிசுகு குமைகிறாள். தன்னைச் சோதிக்க ஒரு கதை எழுதுகிறாள். மதிப்பெண் குறைகிறது, வீட்டார் கவலைப்படுகிறார்கள். எழுதி முடித்து, செய்ஜியின் தாத்தாவிடம் காட்டுகிறாள். அவர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றதும், இல்லை, நான் எழுத நினைத்தது இதுவன்று என்று உடைந்து அழுகிறாள். பத்தாம் வகுப்பில் நாங்கள் எல்லோருமே மதிப்பெண் என்னும் பெயரில் அன்றாடம் படும் வெட்கம் இது. தன்னிடம் இல்லாததை ஒருவர் ஒத்துக்கொள்வது, தன்னிடம் உள்ள ரகசியத்தைச் சொல்வதைவிடக் கடினம். அவள் அதைச் செய்ஜியிடமும் சொல்கிறாள். அவன் அவளைத் தேற்றி உபதேசம் செய்யவில்லை. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சூரிய உதயம் காட்டப் போகிறான். மேட்டில் மிதிக்க முடியாமல் திணறும்போது அவள் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறாள்.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல அக்கா அனுமதி தந்திருக்கிறார். பெயர் மட்டும் கூடாது என்றார்.

மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவின் இடது முன்கையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு வெண்புள்ளி உண்டு. யாருக்கும் தொற்றாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அன்றைக்கென்று அத்தை முழுக்கை ரவிக்கை தைத்துக் கொண்டுவந்திருந்தார். "நிச்சயம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளையும் அக்காவும் பின்கட்டில் பத்து நிமிடம் பேச அனுமதித்தார்கள். அவர் முதலில் சொன்னதே இதுதானாம்: "தரகர் என் வேலை நிரந்தரம்னு சொல்லியிருப்பார். இல்லீங்க. ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க. புதுப்பிக்காமலும் போகலாம். இதைச் சொன்னது தெரிஞ்சா எங்க அம்மா வருத்தப்படுவாங்க."

அக்கா சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு முழுக்கை ரவிக்கையின் பொத்தானைக் கழற்றி, கையை மேலே சுருட்டிக் காட்டினாராம். அவர் பார்த்துவிட்டு, "வலிக்குமா?" என்று கேட்டாராம். இல்லை என்றாராம் அக்கா. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு இரண்டு வீடுகளிலும் சண்டை. எங்கள் பக்கத்தில் தரகரின் மீது கோபம். ஒப்பந்த வேலைக்காரனுக்கு எப்படிக் கொடுப்பது என்று பேச்சு. அந்தப் பக்கத்தில் கையைப் பற்றிய பேச்சு. இருபது நாள் ஒரு தகவலும் இல்லை. அத்தை, "அரிச்சந்திரன் பேத்தி! சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று அக்காவைத் திட்டினார். "வால்-ஈ" பார்த்த மாலையும் "விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்" பார்த்த மாலையும் இந்த இருபது நாளுக்குள் வந்தவைதான். அக்கா பூக்கட்டிக்கொண்டே இருந்தார். ஷிசுகு அழுதபோது எழுந்து சமையலறைக்குப் போனார். "படம் பார்த்துத்தானேக்கா அப்படிச் செஞ்சீங்க?" என்று நாங்கள் கேட்டதற்கு, "படத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. போங்கடி, போய்ப் படிங்க" என்றார்.

இருபத்தோராம் நாள் அவர் தம் தாயாரை அழைத்துக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை தரகர் வரவில்லை. இரண்டு குடும்பத்தாரும் வேலையைப் பற்றி, கடன் பற்றி, கையைப் பற்றி, எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசினார்கள். பேச்சு சுமுகமாக இருந்ததென்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் தாயார் ஒருமுறை எழுந்துகூட நின்றுவிட்டாராம். பிறகு உட்கார்ந்தாராம்.

சென்ற ஞாயிறு திருப்பலியில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல் சாமியார் சொன்னபோது, நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அக்கா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றார். எப்போதும் அணியும் சாதாரண ரவிக்கைதான். பாட்டி எங்கள் பக்கம் சாய்ந்து, "அந்தத் தம்பி பேரு என்ன சொன்னாங்க? காதுல விழல" என்றார். நாங்கள் அவர் காதோரம் குனிந்து சொன்னோம்.